எந்த மூலையில் மஞ்சள் வைப்பது?

கண்ணு,

நேற்றுப் போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "அடுப்புல பால் பொங்குது சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா? பாலும் பொங்கவில்லை, ஒன்றும் பொங்கவில்லை. அடுப்பையே பற்ற வைக்கவில்லை. "அம்மா, மிருதுளாவுக்கு நீ பொட்டியில வெச்சுக் குடுத்த துணியெல்லாம் துவைச்சதும் செவப்பு செவப்பாத் திட்டு விழுந்துடுச்சு. அவ ஒண்ணுமே சொல்லல. எல்லாத்தையும் மடிச்சு பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டா. நீ என்னதாம்மா பண்ணுனே?" என்று நீ போலீஸ்காரன் மாதிரி விசாரித்ததும் போனை வைத்தால் போதும் என்றிருந்தது. அங்கன்வாடியில் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள் நான். பெற்ற பிள்ளையிடம் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

ஒரு பெண் கத்தினால் எனக்குப் பயமில்லை. நானே கத்துகிறவள்தான். ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்து பீரோவில் பூட்டுகிறாள் பார், அதற்குத்தான் பயம். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வருகிறது. கல்யாணமான முதல் வருஷம், நாம் எடுத்துக் கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டு மருமகள் மலைக்கு வருவாள் என்று காப்பி எஸ்டேட் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறேன். அவள் வராமலே இருந்துவிடுவாளோ, வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாளோ என்று நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துத் தொலைத்துவிட்டேனா?

முதலில் இருந்தே சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள். நீ அவளை முதல்முதலாக நம் வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். சேலத்து பஸ்ஸில் இருந்து அவள் இறங்கி வந்தபோது கணுக்கால் வரை நாலைந்து துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்ட பாவாடை. அதற்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டை. அதற்கும் மேலே கண்ணாடி பதித்த கையில்லாத கோட்டு. கழுத்தில் பாசியும் மணியுமாக மூன்று நான்கு மாலைகள். தோளில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும் பை. உன் அப்பா ஜீப்பின் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவருக்கு அது ஒரு நல்ல ஒளிவிடம். ஆனால் அவருடைய அக்கா, உன் சரசு அத்தை, எங்கே ஒளிவாள்? நேராகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்கண்ணு, பஸ்ஸுல பொட்டி வெக்க எடமில்லியா? எல்லாத்தையும் மேலயே போட்டுட்டு வந்துட்டியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. நீயோ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். "ஆமாங்க அத்தை, உள்ள இன்னும் ரெண்டு இருக்குங்க, குளுருமேன்னு" என்றாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பெண், உன்னிடம் கற்றுக்கொண்ட 'ங்க'வை அங்கங்கே தூவிக்கொண்டு அப்படிச் சொன்னதும் சரசுவே சிரித்துவிட்டாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உன்னைவிடப் பிடித்துப்போயிற்று என்றுகூடச் சொல்லுவேன், கோபித்துக்கொள்ளாதே.

கல்யாணம் முடிவானதும் அவள்தான் போன் பண்ணினாள். "அத்தை, முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு போதுங்க. மத்ததெல்லாம் நான் தினமும் போடற மாதிரி எடுத்துக் குடுக்கறீங்களா? பட்டெடுத்தா அது பீரோவுலயேதான் தூங்கும். நீங்க எடுத்துக் குடுக்கறத நான் தினமும் போடணும்." நம் பக்கத்தில் பெண்ணுக்குப் பெட்டித் துணி எடுப்பது மாப்பிள்ளை வீட்டு உரிமை. வேன் பிடித்து, சொந்தக்காரர்களை அடைத்து, சேலத்துக்குப் போய், ஆளாளுக்கு ஒரு சேலையைக் குறை சொல்லிச் சாயங்காலம் திரும்புவதுதான் முறை. அந்த முறையில் இந்தப் பாவாடையும் பாசியும் எங்கே வரும்? ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். "அதுக்கென்ன கண்ணு, நானே எடுத்து வெக்கறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு கதை உண்டு. என் கல்யாணத்துக்குப் பெட்டித் துணி எடுத்தவள் இதே சரசுதான். ஐந்து சேலை. ஐந்தும் காப்பிக்கொட்டை நிறம். ஒன்று லேசாக வறுத்தது, ஒன்று நன்றாக வறுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "காட்டு வேலைக்குப் போறவளுக்குக் கறை தெரியாத கலரு எடுத்தேன்" என்றாள். அங்கன்வாடி வேலை கிடைக்கும்வரை நானும் காப்பிப் பழம் பறிக்கப் போனவள்தானே. சாயங்காலம் உன் அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு என்னைத் தேடினால், செடி எது, பெண்டாட்டி எது என்று அவருக்குத் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட வெட்கம். ஆரன் அடிப்பார். காட்டில் இருக்கிற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கிளிப்பச்சையில் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். கேட்க வாய் வரவில்லை. இவள் வாய் திறந்து கேட்டிருக்கிறாள். கேட்டதைக் கொடுத்தே தீர்வது என்று நினைத்தேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். 'போஹோ' என்று பேராம். பேர் எதுவாக இருந்தால் என்ன, அதில் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எதற்கும் எதுவும் பொருந்தக்கூடாது. சேலைக்கு மேட்சிங் ஜாக்கெட் பிட் தேடிச் சேலம் கடைவீதியில் செருப்புத் தேய நடந்தவள் நான். இங்கே பூப்போட்ட பாவாடைக்குக் கோடு போட்ட சட்டை, அதற்கு மேல் கட்டம் போட்ட துப்பட்டா. உடம்பை ஒட்டக்கூடாது, காற்று உள்ளே போய் வெளியே வரவேண்டும். குஞ்சம் இருக்க வேண்டும். நாம் சடைக்கும் பொங்கல் மாட்டுக்கும் குஞ்சம் கட்டுவோம், இவர்கள் பைக்கும் காலுக்கும் கட்டுகிறார்கள். புதுசாக இருந்தாலும் பத்து வருஷம் உழைத்ததுபோல் தெரிய வேண்டும். "கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லுவாங்க. இவுங்க கசக்குனதையே கட்டறாங்களே!" என்றாள் சரசு. நிறத்தைப் பார்த்ததும் அவள் வாய் இன்னும் பெரிதாகிவிட்டது. செங்கல் நிறம், கடுகு நிறம், மண் நிறம், கடைசியில் அதே காப்பிக்கொட்டை நிறம். "பாரு, நான் அன்னிக்கே எடுத்தேன். நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது.

சேலத்தில் பெரிய ஜவுளிக் கடைக்குப் போனோம். முகூர்த்தப் பட்டை அவளுக்கு வீடியோ காலில் காட்டி எடுத்து முடித்தோம், அது சுலபம். பிறகு கடைப் பையனிடம் போட்டோவைக் காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நைட்டி செக்சன்ல பாருங்கம்மா" என்றான். நைட்டி செக்சனில் "சுடிதார் பக்கம் போங்க" என்றார்கள். சுடிதார் பக்கம் இருந்த பெண் மட்டும் புரிந்துகொண்டு, ஒரு பாவாடையைத் தூக்கிப் போட்டாள். ஒரு பக்கம் முழங்கால் வரை, ஒரு பக்கம் தரை வரை. சரசு அதை வாங்கித் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, தெச்சவரு பாதியில டீ குடிக்கப் போய்ட்டாருங்களா?" "அதுதாங்கம்மா டிசைனு." "அப்ப துணி குறைஞ்ச பக்கத்துக்கு விலையக் குறைச்சுப் போடுங்க." வேனில் வந்த சொந்தங்கள் எல்லாம் சரசு பின்னால் நின்றார்கள். நான் அந்தப் பாவாடையைப் பிடுங்கிப் பில்லுக்கு அனுப்பினேன். மிச்சத்தை ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளிலும் அடிவாரத்து ஏற்றுமதித் துணிக் கடையிலும் தேடித் தேடிச் சேர்த்தேன். பூ அச்சடித்த மேலங்கி, ஓட்டை ஓட்டையாகப் பின்னிய வெள்ளைக் கவுன், கண்ணாடி பதித்த ஒரு துப்பட்டா, மரமணி மாலை, வெள்ளிக் கொலுசு.

வாங்கியாயிற்று, சேர்ப்பது எப்படி? எதோடு எது சேராமல் இருந்தால் அழகு என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, உன் அப்பாவை எதிரே உட்கார வைத்தேன். இரண்டு துணிகளைச் சேர்த்துப் பிடிப்பேன். "இது நல்லா இருக்கே" என்று அவர் சொன்னால் உடனே பிரித்துவிடுவேன். "அய்யய்யோ, இது சேராதுடி" என்று முகத்தைச் சுளித்தால், அது தேறியது என்று மடித்துப் பெட்டியில் வைப்பேன். காக்கியும் வெள்ளையும் தவிர வேறு நிறம் அறியாத மனுஷன், அன்றைக்கு எனக்கு எவ்வளவு உபகாரமாக இருந்தார் தெரியுமா! "இதெல்லாம் பார்த்தா அந்தப் புள்ள அழுவப் போவுது" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. இதில் உனக்கும் ஒரு புத்திமதி இருக்கிறது. உன் பெண்டாட்டி உடுத்தி வந்து "எப்படி இருக்கு" என்று கேட்டால், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யோசிக்காதே. அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதையே சொல். நீ உன் அப்பாவின் ரத்தம், துணி விஷயத்தில் உன் கண்ணை நம்பாதே.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். சிவப்புத் திட்டு என்றாயே, அது மஞ்சள்தான். புதுத்துணி எதுவானாலும் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் நம் வீட்டில் கட்டியதுண்டா? நீ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன சட்டைக்கெல்லாம் காலருக்கு அடியில் வைத்திருக்கிறேன், நீ என்றைக்குக் கண்டாய்? சேலைக்கு மூலை உண்டு, வேட்டிக்கு மூலை உண்டு. அந்த வெள்ளைக் கவுனை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், மூலையையே காணோம்! கீழே வட்டம், கழுத்து வட்டம், கையும் வட்டம். அதற்கு நேர்மாறாக அந்தக் கோணல் பாவாடை. தொட்ட இடமெல்லாம் மூலை. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விட்டால் மனசுக்கு உறுத்தும். எல்லா மூலைக்கும் வைத்தேன். கவுனுக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பாதுகாப்புக்குக் கையில் ஒன்று. நான் சாமி அறைக்குப் போன நேரத்தில் சரசு வந்து, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, அவள் பங்குக்கு ஒரு சுற்று வைத்திருக்கிறாள். அப்புறம்தான் எனக்கே தெரியும். பங்குனியில் கோடை மழை வேறு பிடித்துக்கொண்டது, ஞாபகம் இருக்கிறதா? காப்பி பூத்து மலையே மணந்துகொண்டிருக்கிறது, பனிமூட்டம் வாசலுக்குள் வந்து நிற்கிறது, துணியில் வைத்த மஞ்சள் காய்வேனா என்கிறது. கல்யாண அவசரம். ஈரத்தோடு பெட்டியை மூடிவிட்டேன். அது உள்ளே கிடந்து ஊறி, பொட்டு வைத்தது பூசணிப்பூவாகிவிட்டது.

அதை நீங்கள் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறீர்கள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். உங்களுக்குச் சுற்றிய ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கரைத்ததும் சிவந்ததே, அதே சங்கதிதான். ரத்தமும் இல்லை, சாயமும் இல்லை. நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் வெளிறிவிடும். இதை நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் கறை போகும், மனசில் விழுந்தது போகுமா? மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். நான் உடைத்தது பொன்குடம் என்று எனக்கே தோன்றுகிறது, என்ன செய்ய?

இன்னொன்றும் சொல்கிறேன், நன்றாகக் காதில் வாங்கு. எங்கள் இருவருக்கும் நடுவில் நீ தபால்காரனாக இருக்காதே. உன் அப்பா இருந்து பட்டது போதும். அந்தக் காப்பிக்கொட்டைச் சேலைகளை நான் கட்ட யோசித்தபோது, அவர் அக்காவிடம் போய் "அவளுக்குப் புடிக்கல" என்றார். என்னிடம் வந்து "அக்கா நொம்ப வருத்தப்படுது" என்றார். நான் சரசுவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பழ சீசன் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் இருவரும் சேர்ந்து உன் அப்பாவைத் திட்ட ஆரம்பித்தோம், அன்றைக்குத்தான் சமாதானம் ஆனது. இன்றைக்கு வரை நிலைத்திருக்கிறது.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு இன்று அங்கன்வாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சரசு நம் வீட்டு வாசலில் ஒரு பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எஸ்டேட் ஆபீஸுக்கு வந்ததைக் கணக்கு எழுதுகிற ரைட்டர் கொடுத்தனுப்பினாராம். அனுப்பியவள் மிருதுளா. துணியையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றே நினைத்தேன். "பிரிச்சுத்தான் பாரேன், பாம்பா இருக்கு?" என்றாள் சரசு. பிரித்தேன். நான் கொடுத்தது எதுவும் அதில் இல்லை. சேலைக்கு மேலே போட்டுக்கொள்கிற மாதிரி, முன்பக்கம் திறந்த, முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு புது மேலங்கி. கிளிப்பச்சை. ஓரமெல்லாம் குஞ்சம். ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள். பொட்டு இல்லை கண்ணு, வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு பூசியதுபோல் அப்பி வைத்திருக்கிறாள். குஞ்சத்தில்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். "ஏங்கண்ணு, இது என்ன இம்புட்டு மஞ்சள்?" என்றேன். "எந்த மூலைன்னு தெரியலங்க அத்தை. அதான் எல்லாத்துலயும் வெச்சுட்டேன்" என்றாள். துவைத்துச் சிவந்த அன்றே அவள் சரசுவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். "கட்டறவ நல்லா இருக்கோணும்னு வெக்கறது சாமி, உங்கத்தைக்குக் கை கொஞ்சம் தாராளம்" என்று சரசு சொல்லியிருக்கிறாள். கூடவே கிளிப்பச்சைக் கதையையும் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ வருஷமாக எனக்கு அந்த நிறத்தில் ஆசை என்பது இந்தப் பொம்பளைக்குத் தெரிந்திருக்கிறது, பார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டால், "நீ கேட்டியா?" என்கிறாள்.

சரி, அப்புறம் ஏன் பீரோவில் வைத்துப் பூட்டினாய் என்று அவளிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா, என் தூக்கத்தைக் கெடுத்ததே அந்தப் பூட்டுதானே. அவள் சொன்னாள்: "திருவிழாவுக்குப் போட்டுட்டு வரணும்னு எடுத்து வெச்சேங்க அத்தை. வெளிய வெச்சா உங்க புள்ள பழந்துணின்னு நெனச்சு எடுத்துடறாரு. அந்தக் கோணல் பாவாடையில ஏற்கெனவே ஒரு தடவ வண்டி தொடைச்சுட்டாரு."

என்னைப் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தாயே, என் மகனே! அவள் பூட்டியது என்மேல் கோபித்துக்கொண்டு இல்லை, உனக்குப் பயந்துகொண்டு. இதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா சத்தமில்லாமல் எழுந்து ஜீப்பின் பானட்டைத் திறக்கப் போய்விட்டார். உன் ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

என் மேலங்கியை இன்றைக்கே சோப்புப் போட்டு அலசி, வெயில் படாமல் நிழலில் காயப் போட்டிருக்கிறேன். மூலை மூலைக்கு நன்றாகச் சிவந்திருக்கிறது. திருவிழாவுக்கு மாமியாரும் மருமகளும் சிவப்புத் திட்டோடு மலையேறப் போகிறோம், சரசு காப்பிக்கொட்டைச் சேலையில் கூட வருகிறாள். நீ வரும்போது வண்டி துடைக்க நல்லதாக ஒரு துணி வாங்கிக்கொண்டு வா. அதற்கு மூலை இருக்கும். நானே மஞ்சள் வைத்துத் தருகிறேன்.

அம்மா